உயிர்க் காலேஜ் தந்த மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

சென்னை நகரத்து மக்களின் பேச்சில் ஒரு காலத்தில் இரண்டு காலேஜுகள் இருந்தன. ஒன்று செத்த காலேஜ், மற்றொன்று உயிர்க் காலேஜ். இரண்டிலும் மாணவர் சேர்க்கை கிடையாது, தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது. ஆனாலும் எழுத்தறியாத மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சென்ற காலேஜுகள் அவைதாம். எழும்பூர் அருங்காட்சியகத்தையே செத்த காலேஜ் என்றனர். சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பூங்காவில் இருந்த விலங்குக் காட்சிச்சாலை உயிர்க் காலேஜ். இவ்விரண்டையும் தோற்றுவித்தவர் ஒருவரே. அவர் பெயர் எட்வர்டு பால்ஃபோர். தொழிலால் அவர் ஒரு மருத்துவர்.

வரலாற்றுத் துறை நண்பர்கள் பால்ஃபோர் என்றவுடன் பாலஸ்தீனப் பிரகடனத்தை நினைவு கூரக் கூடும். அந்த ஆர்தர் பால்ஃபோர் வேறு, இவர் வேறு. இவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தென்னாட்டில் கழித்தவர். அருங்காட்சியகம் ஒன்றை அமைத்துப் பூட்டி வைத்தால் போதாது, மக்களை அதன் வாயிலுக்கு வரவழைக்க வேண்டும் என்று பாடுபட்டவர். விலங்கியல் மாணவன் என்ற முறையில் அவர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது, இது விலங்கியல் மாணவர்க்கு மட்டும் உரிய வரலாறு அன்று, என் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய அனைவர்க்கும் உரியது என்று தோன்றியது. அதனாலேயே இக்கட்டுரை.

இளமையும் வருகையும்

பால்ஃபோர் 1813ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஸ்காட்லாந்தில் மாண்ட்ரோஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர். தாய்மாமன் ஜோசப் ஹியூம், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் புகழ் பெற்ற சீர்திருத்தவாதி. காட்சிக்கூடங்களும் நினைவுச் சின்னங்களும் சீமான்களுக்கு மட்டுமின்றிச் சாதாரண மக்களுக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்று இடைவிடாது வாதாடியவர் அவர். மாமன் இலண்டனில் பேசியதை மருமகன் சென்னையில் செய்தார் என்று கூறினால் மிகையாகாது.

எடின்பரோவில் அறுவை மருத்துவம் பயின்ற பால்ஃபோர், 1834இல் உதவி மருத்துவராக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவர் வயது ஏறக்குறைய என் வயதே. வழியில் கப்பல் மொரீஷியஸ் தீவில் நின்றது. காடுகள் அழிக்கப்பட்ட அத்தீவில் மண்ணும் நீரும் கெட்டுப் போயிருந்ததை அந்த இளைஞர் கண்ணாரக் கண்டார். கண்டதை மறக்காமல் இருந்ததே அவருடைய சிறப்பு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1849இல், மரங்களுக்கும் மழைக்கும் ஈரப்பதத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய குறிப்புகளைத் திரட்டிச் சென்னையில் வெளியிட்டார். காடுகளைக் காக்க வேண்டும் என்று இன்று நாம் பேசும் பேச்சை அன்றே அரசின் காதில் போட்டவர்களுள் அவரும் ஒருவர்.

படைப்பிரிவுகளோடு ஊர் ஊராகச் சென்ற அம்மருத்துவர் நோய்க்கு மருந்து கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. எந்த ஊரில் சிப்பாய்கள் அதிகம் சாகிறார்கள், எந்த ஊரில் நலமாக இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, பாசறைகளுக்கு ஏற்ற இடங்களைப் பற்றி 1845இல் நூல் எழுதினார். ஊர் சுற்றி வாழும் நாடோடி மக்களைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுத் தேர்ந்தார். அம்மொழிப் புலமை காரணமாகக் கர்நாடக நவாபின் அரண்மனையில் கம்பெனியின் பிரதிநிதியாகவும் பணியாற்றினார். 1850இல் சென்னையில் முகமதியர் பொது நூலகம் தோன்றவும் அவரே முன்னின்றார்.

கல்லூரி மாடியில் பிறந்த காட்சிக்கூடம்

சென்னை இலக்கியக் கழகம் என்ற அறிஞர் சங்கம், நிலவியல் பொருள்களைக் கொண்டு ஒரு காட்சிக்கூடம் அமைக்க வேண்டும் என்று 1846இல் அரசுக்கு யோசனை கூறியது. தான் சேர்த்து வைத்திருந்த சுமார் 1,100 கல், கனிமப் பொருள்களையும் தர முன்வந்தது. இலண்டனின் ஒப்புதல் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1851இல் அருங்காட்சியகம் உருவாயிற்று. அதன் பொறுப்பு ஊதியமில்லாப் பணியாகப் பால்ஃபோரிடம் ஒப்படைக்கப்பட்டது. மருத்துவமனை வேலைக்கு மேல் இது கூடுதல் சுமை. அவர் அதை மகிழ்வோடு ஏற்றார்.

முதல் இடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடி. கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க 1812இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. தாண்டவராய முதலியார் போன்ற தமிழ்ப் புலவர்கள் பணிபுரிந்த இடமும் அதுவே. நுங்கம்பாக்கத்தில் அவ்வழி செல்லும் சாலைக்குக் காலேஜ் ரோடு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. காட்சிக்கூடம் அந்தக் காலேஜில் பிறந்ததால்தான் மக்கள் அதைக் காலேஜ் என்றே அழைத்தனர் என்பர். இடம் மாறிய பின்பும் பெயர் மாறவில்லை.

பால்ஃபோர் சும்மா இருக்கவில்லை. மாகாணம் முழுவதிலும் இருந்த அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் கடிதம் எழுதி, அவரவர் பகுதியில் கிடைக்கும் கல், மரம், தாது, பறவை, பாம்பு, பழங்காலப் பொருள் ஆகியவற்றை அனுப்பச் சொன்னார். பொருள்கள் வந்து குவிந்தன. மாடி தாங்கவில்லை. இடம் போதவில்லை, கட்டடமும் உறுதியாக இல்லை என்று அரசை விடாமல் நெருக்கினார். அதன் பயனாக 1854 டிசம்பரில் அருங்காட்சியகம் எழும்பூரில் பாந்தியன் என்னும் பழைய மாளிகைக்குக் குடி புகுந்தது. ஆங்கிலேயச் சீமான்களும் சீமாட்டிகளும் விருந்துண்டு, நடனமாடி, நாடகம் கண்டு களித்த மாளிகை அது. சிலர் மட்டும் நுழைந்த வாயிலில் இனி எவரும் நுழையலாம் என்று ஆன அந்த மாற்றத்தை நாம் சிறிதாக எண்ணக் கூடாது.

புலிக்குட்டி செய்த விளம்பரம்

இடம் கிடைத்துவிட்டது. பொருளும் நிறைந்துவிட்டது. ஆனால், நண்பர்களே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல்லைப் பார்க்க யார் வருவார்கள்? வண்டி இழுப்பவரும் சுமை தூக்குபவரும் அங்காடியில் கூடை வைத்து விற்பவரும் வருவார்களா? இக்கேள்வி இன்றும் ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்தின் வாயிலிலும் நிற்கிறது. பால்ஃபோருக்கு இதற்கான விடையைத் தந்தவை இரண்டு விலங்குகள்.

அருங்காட்சியக வளாகத்தில் உயிருள்ள ஒரு புலிக்குட்டியும் ஒரு சிறுத்தையும் இருந்தன. அவற்றைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தனர். வேறொருவராக இருந்தால் இது அறிவுக்கூடம், வேடிக்கை காட்டும் இடமன்று என்று முகம் சுளித்திருப்பார். பால்ஃபோர் அவ்வாறு எண்ணவில்லை. புலியைக் காண வருபவன் கல்லையும் கண்டு செல்வான் என்று உணர்ந்து, விலங்குகளை மேலும் பெருக்க முனைந்தார். நவாபின் அரண்மனையில் அவருக்கு இருந்த பழக்கம் இப்போது கை கொடுத்தது. நவாபு தம்மிடம் இருந்த விலங்குகள் அனைத்தையும் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளிக்குமாறு செய்தார். 1855இல் காட்சிச்சாலை முறையாகத் தொடங்கியது. ஓராண்டுக்குள் பாலூட்டிகளும் பறவைகளும் ஊர்வனவுமாக 300க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே இருந்தன. இந்தியாவின் முதல் பொது விலங்குக் காட்சிச்சாலை என்று இதனைக் குறிப்பிடுவர்.

இதன் பின் நடந்தது வியப்புக்குரியது. விலங்குகள் பெருகப் பெருக எழும்பூர் வளாகம் போதவில்லை. 1863இல் அவை நகராட்சியின் பொறுப்பில், சென்ட்ரல் அருகே மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டன. உயிருள்ளவை அங்கே போயின, உயிரற்றவை இங்கே நின்றன. உயிர்க் காலேஜ், செத்த காலேஜ் என்று மக்கள் பெயரைப் பிரித்துக் கொண்டனர். பூங்காவில் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த உயிர்க் காலேஜ் 1985இல் வண்டலூருக்குப் பெயர்ந்து, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திகழ்கிறது. விடுமுறை நாள்களில் வண்டலூர் வாயிலில் குழந்தைகளோடு காத்து நிற்கும் குடும்பங்கள் அனைத்தும், தாம் அறியாமலே, அந்தப் புலிக்குட்டியின் பின்னால் நிற்கின்றன.

மாவட்டம் தோறும் ஒரு கனவு

பால்ஃபோரின் எண்ணம் தலைநகரோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பகுதியின் பொருளும் அப்பகுதி மக்கள் கண்ணுக்கு எட்ட வேண்டும் என்று கருதி, 1850களின் நடுவில் கடலூர், கோயம்புத்தூர், உதகமண்டலம், பெல்லாரி, மங்களூர், ராஜமுந்திரி ஆகிய ஊர்களில் சிறு அருங்காட்சியகங்கள் தோன்றச் செய்தார். ஆனால் அவை வேரூன்றவில்லை. ஒரு சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை மூடப்பட்டன. பின்னர் 1865இல் பெங்களூரில் அரசு அருங்காட்சியகம் தொடங்கவும் அவர் துணை நின்றார். அது நிலைத்தது.

நான் கடலூர் மாவட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் கடலூரில் ஓர் அருங்காட்சியகம் பிறந்து மடிந்தது என்ற செய்தியைப் படித்தபோது ஒரு பெருமையும் ஒரு வருத்தமும் சேர்ந்து வந்தன. இன்று கடலூரிலும் கோவையிலும் உதகையிலும் மீண்டும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பெற்றதை ஒருமுறை இழந்த ஊர் நாம். இரண்டாம் முறை இழக்கலாமா?

மறுபக்கம்

ஒருவர் வரலாற்றை எழுதும்போது புகழை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது என்று நம் பேராசிரியர்கள் கூறுவார்கள். பால்ஃபோர் கம்பெனியின் ஊழியர். நம் நாட்டு மரமும் தாதுவும் எங்கே கிடைக்கும், எதற்குப் பயன்படும் என்று அறிவது ஆட்சியாளர்களுக்கு வருவாய் தரும் செயல். அருங்காட்சியகம் அந்த நோக்கத்துக்கும் பயன்பட்டது. மேலும் அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பங்கள் வால்டர் எலியட் என்பவரால் அகழ்ந்தெடுக்கப்பட்டுச் சென்னையில் பல ஆண்டுகள் கிடந்தன. அவற்றுள் 121 கற்கள் 1859இல் இலண்டனுக்குக் கப்பல் ஏற்றப்பட்டன. பால்ஃபோர் அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்து விலகியதும் அதே ஆண்டில்தான். இன்று அமராவதிச் செல்வத்தில் ஒரு பகுதி எழும்பூரிலும் மற்றொரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன.

இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிமை நாட்டில் ஆள வந்தவர்கள் கட்டிய எத்தனையோ கட்டடங்களின் உள்ளே நம் பாட்டன் பூட்டன் கால் வைக்க முடியவில்லை. அப்படிப்பட்ட காலத்தில், ஏழை எளியவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று ஓர் அதிகாரி ஆசைப்பட்டார், அதற்காக உழைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிற்கால வாழ்வு

அருங்காட்சியகம் அவர் வாழ்வின் ஒரு பகுதியே. 1857இல் இந்தியாவைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தனியொருவராகத் தொகுத்து வெளியிட்டார். வாழ்நாள் முழுதும் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். மூன்றாம் பதிப்பு 1885இல் மூன்று பெருந்தொகுதிகளாக வந்தது. இந்தியாவின் மரங்களைப் பற்றித் தனி நூலும் எழுதினார்.

பேறுகால மருத்துவம் பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தாமே இந்துஸ்தானியில் பெயர்த்தார். அதே நூலைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெயர்க்கச் செய்து, தம் சொந்தப் பணத்தில் அச்சிட்டார். தமிழ்வழி அறிவியல் என்று நாம் இன்று பட்டிமன்றங்களில் முழங்குகிறோம். கைக்காசைப் போட்டு அதைச் செய்தவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1871 முதல் 1876 வரை சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தார். ஆண் மருத்துவர் முன் வர இயலாமல் எத்தனையோ பெண்கள் மருத்துவம் இன்றி மடிவதைக் கண்டு, பெண்களுக்கு மருத்துவக் கல்வி அளிக்க வேண்டும் என்று அரசை வற்புறுத்தினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக் கொண்டது. இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் படிக்கப் போராடிக் கொண்டிருந்த காலம் அது. அந்நால்வருள் ஒருவரான மேரி ஷார்லீப் பின்னர் உலகறிந்த மருத்துவரானார். பால்ஃபோர் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு தங்கப் பதக்கமும் நிறுவப்பட்டது.

1876இல் அவர் தாயகம் திரும்பினார். 1889 டிசம்பர் 8ஆம் நாள் இலண்டனில் காலமானார். இருபது வயதில் கப்பல் ஏறிய இளைஞர் திரும்பிச் சென்றபோது அறுபதைக் கடந்த முதியவர். இடைப்பட்ட நாற்பதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு தென்னாட்டுக்கு உரியது.

நாம் செய்ய வேண்டுவது

பால்ஃபோருக்குப் பின் வந்தவர்களும் எழும்பூரை வளர்த்தனர். 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய பெருந்திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே வந்தது. எட்கர் தர்ஸ்டன் காலத்தில் காணும் பொங்கலன்று வளாகம் கொள்ளாத கூட்டம் கூடியது. கைக்குழந்தையோடும் கட்டுச்சோற்று மூட்டையோடும் வந்த அம்மக்களில் பெரும்பாலோர் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் என்ன கண்டார்கள், என்ன கற்றார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது உண்மையா என்று ஆராய எனக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது.

சென்ற ஆண்டு உறவினர் திருமணத்துக்காகச் சென்னை சென்றபோது என் தாயாரை எழும்பூருக்கு அழைத்துச் சென்றேன். அவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள். களையெடுப்பும் கரும்பு வெட்டுமாக வாழ்ந்தவர்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த இரும்புப் பொருள்கள் இருந்த இடத்தில் நான் அறிவிப்புப் பலகையைப் படித்துக் கொண்டிருந்தேன். அவர்கள் பலகையைப் பார்க்கவில்லை, பொருளைப் பார்த்தார்கள். துருவேறிய ஓர் இரும்பைக் காட்டி, இது மண்வெட்டி போல இருக்கிறது, ஆனால் காம்பு செருகும் விதம் வேறு, இதை வைத்து ஈரமண்ணைத்தான் கொத்தியிருக்க முடியும், காய்ந்த மண்ணில் கழன்றுவிடும் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரியா என்று தொல்லியல் அறிஞர்தாம் கூற வேண்டும். ஆனால் அப்படியொரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பதினான்கு ஆண்டுப் படிப்பு எனக்குப் பலகையைப் படிக்கக் கற்றுத் தந்திருந்தது. அவர்களுடைய உழைப்பு அவர்களுக்கு அந்த இரும்பைப் படிக்கக் கற்றுத் தந்திருந்தது. திரும்பும் வழியில், இவ்வளவு நாள் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அக்கேள்விக்கு நான் மட்டுமன்றி நாம் அனைவரும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

புலிக்குட்டியை இன்று எந்த அருங்காட்சியகத்திலும் கட்டி வைக்க முடியாது. கட்டி வைக்கவும் கூடாது. சட்டமும் விலங்கியலும் அதை ஏற்கா. ஆனால் பால்ஃபோர் கண்ட உண்மை பழையதாகிவிடவில்லை. மக்களை அழைக்க உயிருள்ள ஒன்று வேண்டும். அந்த உயிருள்ள ஒன்றாக மாணவர்களாகிய நாம் ஏன் இருக்கக் கூடாது?

நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் கிராமங்களுக்குச் சென்று தெருக்களைச் சுத்தம் செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். அதே கிராமத்து மக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அருங்காட்சியகத்துக்கு அழைத்து வரலாம். பாம்புகளைப் பற்றி விலங்கியல் மாணவர், மரங்களைப் பற்றித் தாவரவியல் மாணவர், கல்வெட்டையும் நாணயத்தையும் பற்றித் தமிழ், வரலாற்று மாணவர் என்று முறை வைத்து நின்று, அவர்கள் பேசும் தமிழில் விளக்கலாம். விளக்குவதோடு அவர்கள் சொல்வதையும் கேட்டு எழுதிக் கொள்ளலாம். இதற்குப் பெரும் செலவு ஒன்றும் இல்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் பொழுதும் போதும். துறைத்தலைவர்கள் மனம் வைத்தால் இவ்வாண்டே தொடங்கலாம். பெயர் கொடுக்க முதல் ஆளாக நான் இருக்கிறேன்.

செத்த காலேஜ் என்று மக்கள் வைத்த பெயரில் கேலி இல்லை. அதையும் அவர்கள் காலேஜ் என்றே மதித்தார்கள். தமக்கு இடம் கிடைக்காத உண்மைக் காலேஜுகளுக்குப் பதிலாக, எவரையும் எதுவும் கேட்காமல் உள்ளே விட்ட ஒரு காலேஜ். அந்தக் காலேஜில் அவர்கள் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நாம் இன்று இந்தக் காலேஜில் சேர்ந்திருக்கிறோம். அந்தக் கதவு மீண்டும் சாத்தப்படாமல் பார்த்துக் கொள்வது நம் பொறுப்பு.